சாலைக் கடைத்தெரு: ஓர் இரவுத் தொலைவில் விளையும் உணவு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் காந்தி பூங்காவைக் கடந்ததும் தொடங்கி, ஆர்யசாலை வழியாகக் கிள்ளிப்பாலத்தை நோக்கி நீளும் தெருவுக்குச் சாலை என்று பெயர். தமிழர்கள் சாலைக் கடைத்தெரு என்பர். மலையாளிகள் சாலைக் கம்போளம் என்பர். நகரத்தின் மற்ற பகுதிகள் உறங்கும் வேளையில் இந்தத் தெரு விழித்திருக்கும். இரவெல்லாம் ஓடிவந்த வண்டிகள் கொத்துவால் தெருவிலும் அதையடுத்த சந்துகளிலும் வரிசை கட்டி நிற்க, விடியுமுன் மூட்டைகள் இறங்கிவிடும். வெளிச்சம் வந்தபின் போகிறவர்களுக்கு நெரிசல் மட்டுமே தெரியும். அந்த நெரிசலுக்குப் பின்னால் உள்ள கணக்கு தெரிவதில்லை. இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது அந்தக் கணக்கைத்தான்.

'உள்ளூர் உணவு', 'நிலைத்த வளர்ச்சி' ஆகிய சொற்கள் இன்று எங்கும் ஒலிக்கின்றன. பெரும் அங்காடிகளின் கண்ணாடிக் கதவுகளிலும் அவற்றைக் காண்கிறோம். ஆனால் ஒரு நகரத்திற்கு எது உள்ளூர் என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. அதற்கு விடை தேட, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரத்திற்குச் சோறு போட்டுவரும் சாலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

சாலையை வணிகத் தெருவாக அமைத்தவர் திருவிதாங்கூரின் திவான் ராஜா கேசவதாஸ். 1789 முதல் 1798 வரை திவானாக இருந்த அவர், இன்றைய குமரி மாவட்டப் பகுதியில் பிறந்தவர். இளமையில் ஒரு வணிகரிடம் கணக்கராக இருந்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே. தலைநகருக்கு வேண்டிய பொருள்கள் ஓரிடத்தில் வந்து குவிய வேண்டும், அங்கிருந்து கோட்டைக்கும் கோயிலுக்கும் குடிகளுக்கும் செல்ல வேண்டும் என்பது அவருடைய திட்டம். கரமனை ஆறும் கிள்ளியாறும் அருகில் ஓடுவது அதற்கு வசதியாக அமைந்தது. பின்னர் ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் பார்வதி புத்தனாறு வெட்டப்பட்டபோது, வடக்கிலிருந்து வள்ளக்கடவு வரை படகில் வந்த சரக்கும் சாலையை அடைந்தது. இன்று புத்தனாற்றில் சரக்குப் படகுகள் செல்வதில்லை. அதன் பல பகுதிகள் சாக்கடையாகிவிட்டன. எரிபொருள் இல்லாமல் சரக்கு ஏற்றிச்செல்லும் வழியொன்று நகரின் நடுவே வீணாய்க் கிடப்பதைப் பசுமைப் போக்குவரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

வடக்கிலிருந்து படகு வந்தது என்றால், தெற்கிலிருந்து நெல் வந்தது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் அரசின் பணத்தில் எழுந்தது. அதன் தண்ணீர் விளைவித்த நெல்லில் ஒரு பங்கு தலைநகருக்குச் சென்றது. நெல்லோடு வணிகர்களும் வந்தனர். சாலையிலும் ஆர்யசாலையிலும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் கதை இந்த வழியில்தான் தொடங்குகிறது. தமிழ்ச் சிறுகதை வாசகர்களுக்கு இத்தெரு அயலானது அன்று. இங்கே கடை நடத்தியபடியே எழுதிய ஆ. மாதவன், 'கடைத்தெருக் கதைகள்' என்ற தொகுப்பால் சுமைதூக்குபவர்களையும் சில்லறை வியாபாரிகளையும் இலக்கியத்தில் குடியேற்றினார். 2015-இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது, கடைத்தெருவுக்கே அது கிடைத்ததுபோல் பலர் மகிழ்ந்தனர்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் உருவாயின. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. களஞ்சியம் ஒரு மாநிலத்திலும் அடுக்களை மற்றொரு மாநிலத்திலுமாகப் பிரிந்தன. ஆனால் வண்டிகள் நிற்கவில்லை. தோவாளைப் பூவும், குமரியின் செவ்வாழையும் நேந்திரனும், நாகர்கோவில் பக்கத்துக் காய்களும் களியக்காவிளையைத் தாண்டி இன்றும் இரவோடு இரவாக வருகின்றன.

இங்கேதான் 'உள்ளூர்' என்ற சொல் சற்றுச் சிக்கலாகிறது. சாலையிலிருந்து நாகர்கோவில் சுமார் 70 கிலோமீட்டர். கேரளத்தின் காய்கறிக் கிராமங்கள் என்று புகழ்பெற்ற இடுக்கி மாவட்டத்து வட்டவடையும் காந்தளூரும் 300 கிலோமீட்டருக்கு அப்பால், மலைப்பாதையில் இருக்கின்றன. மாநிலக் கணக்கில் வட்டவடைக் கேரட் உள்ளூர்ப் பொருள். தோவாளை வெண்டைக்காய் வெளியூர்ப் பொருள். இரண்டையும் இறக்குகிற சுமட்டுத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு புரியாது. சந்தைக்கு உள்ளூர் என்பது ஓர் இரவுக்குள் வண்டி வந்துசேரும் தொலைவு. விளைவித்தவரை விற்பவர் பெயர் சொல்லி அறிந்திருக்கும் தொலைவு. சரக்கு கெட்டுப்போனால் மறுநாள் நேரில் கேட்கக்கூடிய தொலைவு. எல்லைக்கோட்டை வைத்து உணவை அளப்பதைவிட இப்படி அளப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

இதற்குச் சிறந்த சான்று மட்டிப் பழம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறிய பழம், மெல்லிய தோல், நல்ல மணம். தென் திருவிதாங்கூரில் குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழமும் அதுவே. பழுத்தபின் நெடுந்தூரம் அனுப்பினால் தாங்காது என்பதால் தொலைதூரச் சந்தைகளில் அதைக் காண்பது அரிது. திருவனந்தபுரத்தில் மட்டி கிடைக்கிறது என்றால், அந்தப் பழம் தாங்கக்கூடிய தொலைவுக்குள் ஒரு பெருஞ்சந்தை இருக்கிறது என்று பொருள். அருகில் சந்தை இல்லாவிட்டால் இத்தகைய வகைகளை யாரும் பயிரிட மாட்டார்கள்; லாரியில் அடிபடாத, தோல் தடித்த வகைகளே தோட்டங்களில் எஞ்சும்.

ஓர் உண்மையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உணவினால் சூழலுக்கு ஏற்படும் கேட்டில் போக்குவரத்தின் பங்கு, பலர் நினைப்பதைவிடக் குறைவு. எதை, எப்படி விளைவிக்கிறோம் என்பதும், விளைந்ததில் எவ்வளவை வீணாக்குகிறோம் என்பதும் அதைவிடப் பெரியவை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, 2022-இல் மட்டும் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாகக் கணக்கிட்டது. ஆகவே 'அருகில் விளைந்தது' என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தையைப் புகழ்வது போதாது. வேறு இரண்டு காரணங்கள் உண்டு: ஒன்று பாதுகாப்பு, மற்றொன்று சிறுவியாபாரம்.

பாதுகாப்பு என்று நாங்கள் குறிப்பிடுவது உணவு வராமற்போகும் நாளுக்கான பாதுகாப்பை. இரண்டாம் உலகப்போருக்கு முன் திருவிதாங்கூர் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த வழி அடைபட்டது. அரிசி இல்லாத நாள்களில் ஏழைகளின் உயிரைக் காத்தது மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அக்கிழங்கை ஊக்குவித்துப் பரப்பியதன் பயன் அறுபது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1963-இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், தான் வெளியிட்ட மரச்சீனி வகை ஒன்றுக்கு ஸ்ரீவிசாகம் என்றே பெயரிட்டது. சாலையிலும் பாளையத்திலும் இன்று சேனை, சேம்பு, காய்ச்சில், சிறுகிழங்கு என்று பருவத்துக்கு ஏற்பக் குவியும் கிழங்குகளைப் பார்க்கும்போது, அவை ஒரு நாட்டின் காப்பீட்டுத் தொகையாக எங்களுக்குத் தோன்றுவதுண்டு. வங்கிக்காரர்களின் கண் அப்படித்தான் பார்க்கும்.

பர்மா வழி அடைபட்டது பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி 2020 வந்தது. மார்ச் மாதப் பொதுமுடக்கத்தின்போது மாநில எல்லைகளில் சரக்கு வண்டிகள் தயங்கின. ஜூலை 6 முதல் திருவனந்தபுரம் மாநகரில் மும்மடங்கு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது சாலையும் அடங்கியது. அந்த ஆண்டில்தான் கேரள அரசு தரிசு நிலங்களைப் பயிரிடச் 'சுபிக்ஷ கேரளம்' திட்டத்தைத் தொடங்கியது. 1974-75-இல் கேரளத்தில் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. அண்மை ஆண்டுகளில் அது ஏறக்குறைய 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. எஞ்சிய வயல்களைக் காக்க 2008-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. வயல் போனபின் நெல்லைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். ஆனால் கீரையும் பயறும் பாகலும் புடலையும் நகரத்தைச் சுற்றிய சிறு நிலங்களில் இன்றும் விளைகின்றன. அவை விளைவதற்குக் காரணம் சந்தை அருகில் இருப்பதே.

நகரின் தெற்கே வெள்ளாயணி ஏரிக்கரையிலும் கல்லியூரிலும், நெய்யாற்றின்கரைப் பக்கம் விளாத்தாங்கரையிலும் பயிராகும் சிவப்புத் தண்டுக்கீரை ஊரறிந்தது. வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட 'அருண்' என்ற செங்கீரையும் 'வெள்ளாயணி ஜோதிகா' என்ற பயறும் இப்பகுதி விவசாயிகளுக்குப் பழக்கமானவை. இருபது சென்ட், முப்பது சென்ட் நிலத்தில் பயிர் செய்பவர் ஒரு லாரி நிறையக் காய் அனுப்ப முடியாது. ஐந்து கிலோ பயறும் முப்பது கட்டுக் கீரையும் வைத்திருப்பவரை எந்தப் பெருநிறுவனமும் தேடி வராது. தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, மாதம் முழுதும் ஒரே அளவில் தர வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. பொதுச்சந்தை மட்டுமே நிபந்தனையின்றி அவரை ஏற்கிறது. இன்று இவ்வளவு, நாளை அவ்வளவு, மழை பெய்தால் ஒன்றுமில்லை. அதுவே அங்கு வழக்கம்.

வாங்குபவருக்கும் அப்படியே. சந்தையில் பத்து ரூபாய்க்குக் கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கேட்கலாம். ஒரு வேளைச் சாம்பாருக்குத் தேவையான அளவு முருங்கைக்காய் இரண்டே இரண்டு வாங்கலாம். தேவைக்கு மேல் வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வாடவிட்டு எறிவது, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்னும் கடைகளின் விளைவு. ஐக்கிய நாடுகள் அறிக்கை சொல்லும் வீணில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு வீடுகளில்தான் நேர்கிறது என்பதை நினைத்தால், இரண்டு முருங்கைக்காய் விற்கும் கடையின் அருமை புரியும். மாலையில் வாடத் தொடங்கிய கீரை பாதி விலைக்குப் போய்விடும். வளைந்த பாகற்காயும் வடுப்பட்ட தக்காளியும் சிற்றுண்டிச் சாலைகளுக்குச் செல்லும். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு விலை, ஒவ்வொரு விலைக்கும் ஓர் ஆள். இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை எந்த மென்பொருளும் இன்னும் எழுதியதாகத் தெரியவில்லை.

அப்படியும் கழிவு மிஞ்சும். விளப்பில்சாலையில் இருந்த மாநகராட்சியின் குப்பைப் பதன ஆலை, அப்பகுதி மக்களின் எதிர்ப்பால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. நகரம் தன் குப்பையை வேறு ஊருக்கு அனுப்பும் வழி அன்றோடு அடைபட்டது. அதன்பின் வீட்டு உரத்தொட்டிகளும், தும்பூர்முழி முறையில் அமைந்த காற்றோட்ட உரத்தொட்டிகளும் வார்டுகள்தோறும் வந்தன. திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில் உருவான எளிய முறை அது: காய்ந்த இலையும் சாணமும் கழிவும் அடுக்கடுக்காய் இட்டால் நாற்றமின்றி மக்கி உரமாகும். 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்குக் கேரளத்தில் தடை வந்தது. சந்தையில் அத்தடை முழுமையாகச் செயற்படுகிறது என்று சொல்ல மாட்டோம். ஆனால் தேக்கிலையிலும் வாழையிலையிலும் பொதிந்து கொடுத்த தலைமுறை இன்னும் மறையவில்லை. பையைக் கொண்டுபோனால் எந்த வியாபாரியும் முகம் சுளிப்பதில்லை.

மீனைப் பற்றிச் சொல்லாமல் இந்நகரின் உணவைப் பேச முடியாது. விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறை போன்ற கடற்கரைகளில் ஏலமெடுத்த மீனைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து நகரில் விற்பவர்கள் பெண்கள். மீன் வாடை என்று பேருந்துகளில் அவர்களை ஏற்ற மறுப்பது நெடுநாள் நடந்தது. 2021-இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமும் மீன்வளத்துறையும் சேர்ந்து 'சமுத்திரா' என்ற பெயரில் அவர்களுக்கென இலவசப் பேருந்துகளை இயக்கின. உள்ளூர் உணவுக்காகச் செலவிடப்பட்ட அரசுப் பணத்தில் இதைவிடப் பயனுள்ளது எதுவென்று எங்களுக்குத் தோன்றவில்லை. 2018 ஜூன் மாதத்தில் வெளியிலிருந்து வந்த மீனில் பார்மலின் கலந்திருந்ததை 'ஆபரேஷன் சாகர் ராணி' சோதனைகள் வெளிப்படுத்தியபோது, மக்கள் தேடி ஓடியது காலையில் கரைசேர்ந்த மீனைக் கூடையில் கொண்டுவரும் இந்தப் பெண்களைத்தான். காய்கறிகளிலும் இத்தகைய அச்சம் உண்டு. வெள்ளாயணிக் கல்லூரியின் ஆய்வகம் சந்தைக் காய்களில் பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது. அண்டை மாநிலத்துக் காய் என்றாலே நஞ்சு, நம் மாநிலத்துக் காய் என்றாலே தூய்மை என்று பேசுவது நியாயமன்று. நஞ்சு மாநிலம் பார்த்துத் தெளிக்கப்படுவதில்லை. சோதனை முடிவைப் பார்த்துப் பேசுவதே முறை.

அரசு தன் பங்குக்குச் சில நல்ல ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. நகரின் ஆனயறையில் ஐரோப்பியக் கூட்டமைப்பின் உதவியோடு எழுந்த வேளாண் மொத்தச் சந்தையை மக்கள் 'வேர்ல்டு மார்க்கெட்' என்றே அழைக்கின்றனர். அதே திட்டத்தின் வழித்தோன்றலாக 2001-இல் உருவான காய்கறி பழ வளர்ச்சி மன்றம், விவசாயிகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, விளைச்சலை ஓரிடத்தில் குவித்து வியாபாரிகளுக்கு விற்க உதவுகிறது. 2020 நவம்பர் 1 அன்று, நாட்டிலேயே முதன்முறையாக, 16 பயிர்களுக்குக் கேரளம் அடிப்படை விலை அறிவித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் இருபது விழுக்காடு சேர்த்து விலை கணக்கிடப்பட்டது. மரச்சீனிக்குக் கிலோ 12 ரூபாய், நேந்திரனுக்கு 30 ரூபாய், பாகற்காய்க்கு 30 ரூபாய் என்பது தொடக்க விலை. ஓணத்தின்போது விவசாயிகளிடம் சந்தை விலையைவிடக் கூடுதலாக வாங்கிக் குறைவாக விற்கும் ஓணச்சந்தைகளும் நடக்கின்றன. ஓணம் முடிந்தால் அவையும் முடிந்துவிடுகின்றன. ஆண்டில் மற்ற நாள்களில் விவசாயி போகும் இடம் சாலையும் பாளையமும் அந்தந்த ஊர்ச் சந்தைகளுமே.

இனி எங்கள் தொழிலுக்கு வருவோம். சந்தை ஓடுவது கடனில்தான். சாலையில் இரவு இறங்கும் சரக்கின் விலை பெரும்பாலும் மறுநாளோ வார இறுதியிலோ தீர்க்கப்படுகிறது. மொத்த வியாபாரி சில்லறை வியாபாரிக்குத் தருகிறார். அவர் உணவகத்துக்குத் தருகிறார். எழுத்தில்லாத இந்தப் பற்றுவரவு பெரும்பாலும் தவறுவதில்லை. தவறுவது விளிம்பில் இருப்பவர்களிடம்: நிலமில்லாத விவசாயியிடமும் கடையில்லாத வியாபாரியிடமும்.

கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. குத்தகையாளர்கள் நில உரிமையாளர்களானது பெரும் சமூகப் புரட்சி. அதன் மறுபக்கம் இது: இன்று பிறர் நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்து வாழையும் காயும் பயிரிடுபவர் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. நிலத்தின் உரிமையாளர் எழுதித் தர அஞ்சுவார். காகிதம் இல்லை என்றால் கடனும் பயிர்க் காப்பீடும் எட்டாது. ரிசர்வ் வங்கியின் விதிகளில் இதற்கு வழி உண்டு. வாய்மொழிக் குத்தகை விவசாயிகளும் கிசான் கடன் அட்டைக்குத் தகுதியுள்ளவர்கள். நான்கு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால், ஒருவருக்கொருவர் உறுதி நின்று ஈடின்றிக் கடன் பெறலாம். கேரளத்தில் இதை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ அமைப்பின் பெண்கள். தரிசாய்க் கிடந்த நிலங்களைக் குழுவாக எடுத்துப் பயிரிட்டு, நாட்டுச்சந்தைகளில் தாமே விற்கின்றனர். 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு ஏழு விழுக்காடு வட்டி; உரிய நாளில் கட்டினால் மூன்று விழுக்காடு சலுகை போக, நான்கு விழுக்காடே ஆகும்.

கூடையோடு அமரும் வியாபாரியின் கணக்கு வேறு. காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பும் நாள்கடன் தென்னிந்தியச் சந்தைகள் எல்லாவற்றிலும் அறிமுகமானது. வாங்குபவருக்கு அது நூறு ரூபாய்ச் செலவாகவே தெரியும், வட்டியாகத் தெரியாது. வணிகவியல் படித்தவர்கள் அதைச் சற்றே பெருக்கிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 300 நாள் வியாபாரம் என்றால், 900 ரூபாயைப் பயன்படுத்தியதற்குக் கொடுத்த விலை 30,000 ரூபாய்.

2020 ஜூன் மாதம் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டம் இந்தக் கணக்கை மாற்ற வந்தது. தெருவோர வியாபாரிகளுக்கு ஈடின்றி முதலில் 10,000 ரூபாய் தரப்பட்டது. 2025-இல் மாற்றியமைக்கப்பட்டபின் முதற்கடன் 15,000 ரூபாய். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பின்னர் 50,000. ஆண்டு வட்டி 12 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், 15,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதத் தவணைகளில் அடைக்கும்போது மொத்த வட்டி ஏறக்குறைய 1,000 ரூபாய்தான். உரிய காலத்தில் கட்டினால் ஏழு விழுக்காட்டு வட்டி மானியமாகத் திரும்பும். 30,000 எங்கே, 1,000 எங்கே! ஆயினும் பலர் இன்னும் நாள்கடனை விடவில்லை. காரணம் அறியாமை மட்டும் அன்று. நாள்கடன் தருபவர் விடியற்காலை நான்கு மணிக்குச் சந்தையில் நிற்கிறார். நாம் பத்து மணிக்குக் கதவு திறக்கிறோம். மாநகராட்சி வழங்கும் வியாபாரச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ கடனுக்கு வேண்டும். அதைப் பெற ஒரு நாள் கூடையை மூடிவைத்து அலைய வேண்டும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமைந்த நகர விற்பனைக் குழுக்கள் கணக்கெடுப்பை முறையாக நடத்தினால் இந்த அலைச்சல் பெரிதும் குறையும். இதற்கிடையே யு.பி.ஐ. பணப்பரிமாற்றம் ஒரு நன்மை செய்திருக்கிறது. கீரைக் கூடையின் ஓரத்தில் செருகியிருக்கும் சதுரக் குறியீட்டு அட்டை, நாள்தோறும் எவ்வளவு விற்றது என்பதற்கு எழுத்துச் சான்றாகிறது. அடுத்த கடனுக்கு மதிப்பிட வரும் அதிகாரிக்கு அதுவே பேரேடு.

கடன் கிடைத்தாலும் இடம் வேண்டும். இப்போது எங்களைக் கவலைகொள்ள வைப்பது அதுதான். 1886 முதல் 1890 வரை சென்னை ஆளுநராக இருந்த கன்னிமரா பிரபுவின் பெயர் தாங்கிய பாளையம் சந்தையைப் பலமாடிக் கட்டடமாகப் புதுப்பிக்கும் பணியைத் திருவனந்தபுரம் ஸ்மார்ட் சிட்டித் திட்டம் மேற்கொண்டது. சென்னை எழும்பூரின் கன்னிமரா நூலகத்துக்கும் பெயர் தந்தவர் இந்த ஆளுநரே. சாலையையும் பாரம்பரியத் தெருவாகச் சீரமைக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. மழைநீர் தேங்காத தரையும், கழிப்பறையும், குளிர்பதன அறையும், தீயணைப்பு வசதியும் வேண்டியவையே. அவை இல்லாமல் வியாபாரிகள் பட்ட பாடு போதும். வேளாண் உட்கட்டமைப்பு நிதியத்தின் கீழ் இத்தகைய குளிர்பதன, தரம்பிரிப்பு வசதிகளுக்கு 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு மூன்று விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் புதிய கட்டடம் எழும்போது கடையின் அளவும் வாடகையும் கூடும். நிரந்தரக் கடைக்காரர் எப்படியோ சமாளிப்பார். வாரத்தில் மூன்று நாள் மட்டும் கூடையோடு வருபவருக்குப் புதிய வரைபடத்தில் இடம் இருக்குமா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இதே கேள்வியைச் சந்தித்தது. அங்கே வெங்காய விலை இடைத்தரகர்களால் பலமடங்கு உயர்ந்து மக்கள் கொதித்தபோது, 1907 ஆகஸ்ட் 17 அன்று விவசாயிகள் நேரடியாக விற்கும் பைக் பிளேஸ் சந்தை பிறந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து அதை இடித்துப் புதிய கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டனர். 1971-இல் நகர மக்கள் வாக்களித்து அதைக் காத்தனர். நம் பக்கத்திலும் முன்மாதிரி இருக்கிறது: 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு, தராசு உண்டு, கடை வாடகை இல்லை. சியாட்டிலில் எங்களைக் கவர்ந்தது வேறொன்று. அங்கே இன்றும் காலைதோறும் பெயர் அழைத்து, அன்று வந்திருக்கும் விவசாயிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் அன்றைய நாளுக்கு மட்டும் மேடைகளைப் பிரித்துத் தருகின்றனர். முன்பணம் கட்டிக் கடை பிடிக்க முடியாதவருக்கும் அந்த நாளில் இடம் கிடைக்கிறது.

பாளையத்தின் புதிய கட்டடத்திலும் சாலையின் சீரமைப்பிலும் அத்தகைய நாள்மேடைகளுக்குத் தரைத்தளத்தில் ஒரு பகுதியை ஒதுக்க முடியும். ஒரு மேடைக்கு நான்கடி அகலம் போதும். வாடகையை மாதத்துக்கு அன்றி நாளுக்கு வாங்கலாம், அதுவும் யு.பி.ஐ. வழியே வாங்கினால் வியாபாரியின் கடன் வரலாற்றிலும் அது பதிவாகும். கல்லியூரிலிருந்து முதல் பேருந்தில் வரும் பெண் கீரைக்கட்டோடு படியேறாமல் இறக்கிவைக்கும்படி, அந்த மேடைகள் வாயிலை ஒட்டியே அமைய வேண்டும்.